கருவிக்குக் கீழே என்ன மண்?

தம்பி,

நம் நாட்டின் வன்அதிர்வுக் கருவி வலையமைப்பைப் புதுப்பிப்பது பற்றி நீ எழுதிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். சீஸ்மோகிராஃப் எதற்கு, ஆக்சிலரோகிராஃப் எதற்கு என்றெல்லாம் நமக்குள் பேச வேண்டியதில்லை. எனக்கு எரிச்சல் வந்த இடத்துக்கே நேராக வருகிறேன்.

எத்தனை கருவிகள், எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று, எத்தனை நொடியில் தரவு டெல்லி போய்ச் சேரும் என்று அட்டவணை அட்டவணையாகப் போட்டிருக்கிறாய். கருவிக்குக் கீழே இருப்பது பாறையா, வண்டலா, கொட்டி நிரப்பிய மண்ணா என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. அது தெரியாமல் 0.11 g என்று தசமத்தோடு எழுதி யாருக்கு என்ன பயன்?

அந்த எண்ணையே எடுத்துக்கொள். 2001 ஜனவரி 26 அன்று புஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத் பாஸ்போர்ட் அலுவலகக் கட்டடத்தில் பதிவானது ஏறத்தாழ அவ்வளவுதான். மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும் அடுக்குமாடிகள் சரிந்த ஊர் அது. சபர்மதி வண்டல் அதிர்வை எவ்வளவு பெருக்கியது? ஒப்பிட்டுச் சொல்ல அருகில் பாறைமேல் ஒரு பதிவு இல்லை. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரில் பழைய ஏரிப்படுகையின் மேல் 0.17 g, அதே நகரில் பாறைமேல் ஏறத்தாழ அதில் கால்வாசி. இரண்டும் பதிவானதால்தான் மண் என்ன செய்யும் என்று உலகத்துக்கே தெரிந்தது.

2004க்குப் பிறகு ரூர்க்கி ஐ.ஐ.டி. வடக்கிலும் வடகிழக்கிலும் ஏறத்தாழ 300 கருவிகளை நிறுவியது பெரிய காரியம். ஆனால் பல நிலையங்களின் நிலவகையை முதலில் நிலவியல் வரைபடத்தைப் பார்த்துத்தான் எழுதினார்கள். 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பான் ஏறத்தாழ 1,000 நிலையங்களோடு கே-நெட்டை அமைத்தது. துளை போட்டு, மண் அடுக்குகளில் அலைவேகத்தை அளந்து, அந்தக் கணக்கையும் பொதுவில் வைத்தது. நீ அவர்களுடைய எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு துளையை விட்டுவிட்டாய்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எஸ்.எம்.ஏ.-1 தான் கருவி. 70 மி.மீ. ஃபில்மில் பதியும். ஆட்டம் 0.01 g அளவைத் தொட்டால்தான் ஃபில்ம் ஓடவே தொடங்கும், அதற்கு முந்தைய அசைவு போனது போனதுதான். டார்க் ரூமில் கழுவிய ஃபில்மை ஈரம் சொட்டச் சொட்டத் தூக்கிப் பிடித்து, கோடுகள் விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்போம். ஒருமுறை ஓர் அரசு அலுவலகத்தில் கருவி வைத்த அறையைத் திறந்தால், அதன் மேல் கோப்புக் கட்டுகள், பேட்டரியில் உயிரில்லை. எங்கள் மூத்த பொறியாளர் அதைக்கூடப் பெரிதுபடுத்தவில்லை. தரையைக் காலால் தட்டி, “இதுக்குக் கீழ என்ன இருக்கு?” என்றார். யாருக்கும் தெரியவில்லை, பதிவேட்டிலும் இல்லை. அன்று அவர் முகத்தில் பார்த்த கோபம் இன்று எனக்கு உன் மேல்.

இன்னொன்று. மண்டல வரைபடத்தைக் காட்டி, மதுரை 2ஆம் மண்டலம், முன்னுரிமை வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். கில்லாரி அன்றைய வரைபடத்தில் 1ஆம் மண்டலம். 1993 செப்டம்பர் 30 விடியலுக்கு முன் அங்கே நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அந்த ஆட்டத்தைப் பதிய அருகில் ஒரு கருவியும் இல்லை. நம் பக்கம் 1900இல் கோயம்புத்தூர், 2000 டிசம்பரில் இடுக்கி. 1899லேயே மில்ன் சீஸ்மோகிராஃப் வந்த கொடைக்கானல் அன்று மதுரை மாவட்டம். மதுரைக்காரன் நீ, இப்படி எழுதலாமா?

பாறையையும் மண்ணையும் ஒப்பிட மதுரையைப் போல வசதியான இடம் எங்கே கிடைக்கும்? திருப்பரங்குன்றத்திலும் பசுமலையிலும் பாறை வெளியே தெரிகிறது. சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் வைகை வண்டல், கண்மாய்க் கரம்பை. பாறைமேல் ஒன்று, செல்லூர் கண்மாய்ப் பக்கம் ஒன்று என்று இணையாக வை. இங்கே மண் மெக்சிகோ போல ஆழமில்லை, அதனால் பயமில்லை என்பாய். கணக்குப் போட்டுப் பார்: 10 மீட்டர் மண், அலைவேகம் நொடிக்கு 200 மீட்டர் என்றால் அதன் அலைவுக்காலம் 0.2 நொடி. நம் ஊர் இரண்டு மாடி வீடுகளின் அலைவுக்காலமும் ஏறத்தாழ அதுதான்.

மண்ணின் ஆழம் அறிய உடனே பெரிய பணமும் வேண்டாம். போர் போடுகிறவர்களிடம் கேள். கரம்பை எத்தனை அடி, சுக்காம்பாறை எத்தனை அடி, கேசிங் பைப் எந்த அடியில் நின்றது என்று தெருவாரியாகச் சொல்வார்கள். கேசிங் நின்ற இடத்தில்தான் கெட்டிப் பாறை. அலைவேகத்தைப் பிறகு முறையாக அளக்கலாம்.

கொய்னா அணை பற்றிய பத்திக்கு வருகிறேன். 1967 டிசம்பர் 11 அன்று பதிவான 0.63 g அணைக்குள் இருந்த கூடத்தில் கிடைத்தது, திறந்த நிலத்தில் கிடைத்ததாக அதைக் கையாளக் கூடாது. ஆகவே முல்லைப் பெரியாற்றில் அணையின் உச்சி, அடி, அணையை விட்டு விலகிய பாறை என மூன்று இடத்திலும் கருவி வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அபாரம்! இந்தத் துறையில் நரைத்தவர்கள்கூட இவ்வளவு தெளிவாக எழுதி நான் படித்ததில்லை. அணைக்கு இவ்வளவு யோசித்தவன் ஊருக்கு ஏன் யோசிக்கவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

கட்டுரையைத் திருத்தி அனுப்பு. ஒவ்வொரு நிலையத்துக்கும் எதிரே மண் எத்தனை மீட்டர், பாறை எந்த ஆழத்தில், யார் அளந்தது என்று எழுது. எழுத முடியாத நிலையங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அந்தப் பணத்தைத் துளை போடக் கேள்.