சைக்கிள் போகலாமா, கூடாதா? டிஜிட்டல் மேப்பில் சரியாகப் பதிவது எப்படி?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பிளஸ் 1 மாணவர்கள் அரசு தந்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போறாங்க. மில் ஷிப்டுக்கும் சந்தைக்கும் இன்னமும் சைக்கிளையே நம்பி இருக்கிறவங்க பலர். ஆனால் இரண்டு ஊரையும் இணைக்கும் பிரதான சாலை, திருமங்கலத்திலிருந்து கொல்லம் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 744. கேரளா போகும் லாரிகளும் பேருந்துகளும் ஓடும் சாலை அது. அதனால் சைக்கிளில் போகிறவர் ஊருக்குள் இருக்கும் தெரு வழி, கண்மாய்க்கரை வழி ஏதாவது உண்டா என்று மொபைலில் தேடுகிறார்.

மொபைல் காட்டும் வழி சரியா என்பது, அந்தச் சாலையைப் பற்றி மேப்பில் யாரோ ஒருவர் பதிந்த ஒரு சொல்லைப் பொறுத்தது. அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

மேப் எப்படி வழி தேடுகிறது?

ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் பிரிட்டனில் தொடங்கிய திறந்த வரைபடம். இலவசக் கணக்கு தொடங்கி யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மஆண்ட் போன்ற செயலிகள் இதன் தகவலை வைத்துத்தான் சைக்கிளுக்கு வழி சொல்கின்றன.

இந்த மேப்பில் ஒவ்வொரு சாலையும் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சிறு குறிச்சொற்கள் இருக்கும். ‘பைசைக்கிள் = நோ’ என்று இருந்தால், வழி தேடும் செயலி பொதுவாக அந்தக் கோட்டை ஒதுக்கிவிடும். ஒரு கண்மாய்க்கரைப் பாதையில் தவறாக ஒரு ‘நோ’ விழுந்தால் என்ன ஆகும்? பக்கத்தில் வேறு வழி இல்லையென்றால், பள்ளிப் பிள்ளையைச் செயலி நேராக நெடுஞ்சாலைக்கு அனுப்பிவிடும்.

பதிய வேண்டியதைப் பதியாமல் விட்டாலும் நஷ்டம்தான். கொல்கத்தாவில் 2013இல் காவல்துறை 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. இப்படிப்பட்ட தடை மேப்பில் இல்லையென்றால், வழி கேட்டுப் போனவர் அபராதம் கட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

பலகை சொல்வதை மட்டும் பதியுங்க

‘இந்த ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது ஆபத்து’ என்பது நம்ம கருத்து. ‘இங்கே சைக்கிளுக்குத் தடை’ என்பது விதி. மேப்பில் அனுமதி பற்றிய இடத்தில் விதியை மட்டும்தான் எழுதணும். எந்தப் பலகைக்கு என்ன பதிவு?

• சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் படம்: ‘பைசைக்கிள் = நோ’.

• ‘சைக்கிளை உருட்டிச் செல்லவும்’: ‘பைசைக்கிள் = டிஸ்மவுண்ட்’. இறங்கித் தள்ளிப் போகலாம் என்று பொருள். தடை என்று பதியக் கூடாது.

• ‘கனரக வாகனங்கள் நுழையத் தடை’, ‘மோட்டார் வாகனங்களுக்குத் தடை’: அந்தந்த வாகனத்துக்கு மட்டும் ‘நோ’. சைக்கிள் வரிசையைத் தொடாதீங்க.

• ‘தனியார் பாதை’, மில் வளாகம்: ‘பிரைவேட்’.

• குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் தடை: நாள் முழுக்கத் தடை என்று போடாமல், பலகையில் உள்ள நேரத்தையும் சேர்த்து நிபந்தனைத் தடையாகப் பதியணும்.

அதிகமாக நடக்கும் தவறு, மோட்டார் வாகனத் தடையைப் பார்த்துவிட்டு ‘அனைத்தும்’ என்ற வரிசையில் ‘நோ’ போடுவது. அப்படிப் போட்டால் சைக்கிளுக்கும் வழி இல்லை, நடந்து போகிறவருக்கும் வழி இல்லை!

பாதை மண்ணாக, குண்டும் குழியுமாக இருந்தால் அதைத் தடை என்று போடாமல் ‘மேற்பரப்பு’ பகுதியில் எழுதுங்க. போவதா வேண்டாமா என்று ஓட்டுபவர் முடிவு செய்துகொள்வார்.

நம்ம ஊரில் கவனிக்க வேண்டியவை

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் வண்டி போக முடியாது. ஆனால் அதை மேப்பில் பதிய வேண்டாம். பலர் மேப்பை மொபைலில் இறக்கி வைத்து மாதக்கணக்கில் பயன்படுத்துறாங்க. தேர் நிலைக்கு வந்த பிறகும் அவர்கள் மொபைலில் வீதி மூடியே இருக்கும்.

மேற்கே செண்பகத்தோப்புப் பக்கம் காட்டுப் பகுதி தொடங்குகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. வனத்துறைப் பலகை ‘அனுமதி பெற்றே செல்ல வேண்டும்’ என்று சொன்னால் ‘பெர்மிட்’ என்று பதியுங்க. இதை விட்டுவிட்டால் செயலி யாரையாவது காட்டுக்குள் அனுப்பிவிடும்.

ரயில் பாதையைக் கடக்கும் நடைமேம்பாலத்தில் படி இருந்தால் ‘படிக்கட்டு’ என்று குறியுங்க. சைக்கிளை உருட்ட ஓரத்தில் சரிவு இருந்தால் அதையும் சேருங்க. தெரு முனையில் கார் நுழையாதபடி நட்ட கம்பங்களுக்கு நடுவே சைக்கிள் போகும் என்றால், அந்தப் புள்ளியில் ‘பைசைக்கிள் = யெஸ்’ போடுங்க.

பதிவது எப்படி?

1. பலகையைப் படம் எடுங்க. தடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இரண்டு முனையையும் நேரில் பாருங்க.

2. ஆண்ட்ராய்டில் வெஸ்பூச்சி, ஐபோனில் கோ மேப் செயலியைத் திறந்து உங்கள் கணக்கில் நுழையுங்க.

3. தடை உள்ள பகுதியை மட்டும் தனிக் கோடாக வெட்டுங்க. வெட்டாமல் பதிந்தால் முழுச் சாலையும் மூடிவிடும்.

4. சைக்கிள் வரிசையில் மட்டும் உரிய மதிப்பைக் கொடுங்க.

5. சேமிக்கும்போது ‘நேரில் பலகை பார்த்துப் பதிந்தது’ என்று ஒரு வரி எழுதுங்க. அடுத்து திருத்துபவருக்கு அது உதவும்.

6. மேப் புதுப்பிக்கப்பட்ட பிறகு, அதே இடத்துக்கு சைக்கிள் வழி கேட்டு சோதித்துப் பாருங்க.

கூகுள் மேப்ஸில் பார்த்து இதில் எழுதக் கூடாது. உரிமச் சிக்கல் உண்டு. பலகை சரியாகப் புரியவில்லையா? எதையும் மாற்றாமல் அந்த இடத்தில் ஒரு ‘குறிப்பு’ மட்டும் விடுங்க. அனுபவமுள்ளவர்கள் பார்த்துத் திருத்துவாங்க.

தடையே தவறு என்று தோன்றினால்?

மேப்பில் தடையை அழிப்பதால் பலகை மாறாது. பலகையின் படம், இடம், யாருக்கு என்ன சிரமம் என்பதைச் சேர்த்து நகராட்சிக்கு மனு கொடுங்க. முதல்வரின் உதவி மைய எண் 1100இல் சொல்லலாம். திங்கட்கிழமை விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். பலகையை எடுத்த பிறகு மேப்பிலும் மறக்காமல் நீக்கிவிடுங்க. பழைய ‘நோ’ ஒன்று அப்படியே கிடந்தால், பிள்ளைகள் லாரிகளுக்கு நடுவேதான் சைக்கிள் மிதிக்க வேண்டியிருக்கும்.