பிள்ளைகளுக்கான வரிச் சலுகை: யாருக்கு உரியது, எவ்வாறு பெறுவது?

பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு வருமான வரியில் அரசாங்கம் சலுகை காட்டுகிறது என்பதை நம்மில் அநேகர் அறிந்திருக்கிறோம். ஆனால் அச்சலுகை எத்தனை வகைப்படும், தந்தைக்கு உரியதா தாய்க்கு உரியதா, எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும், எந்தப் பிள்ளைக்குக் கிடைக்காது என்று கேட்டால் திட்டமாக விடை கூறுவோர் மிகச் சிலரே. "வரிக் கடிதம் வந்தது, கேட்ட பணத்தைக் கட்டினோம்" என்ற அளவில் காரியம் முடிந்துவிடுகிறது. சட்டம் நமக்கென ஒதுக்கிய பணத்தை நாமே கேளாமல் விடுவது ஒரு நஷ்டம். உரிமையில்லாத சலுகையை அறியாமையால் கேட்டுவிட்டு, பின்னர் விளக்கம் கூற வழியின்றி விழிப்பது இன்னொரு நஷ்டம். இவ்விரண்டையும் தவிர்க்கும் பொருட்டு, சிங்கப்பூரில் நடப்பிலுள்ள விதிகளை வைத்து இப்பாடத்தை எழுதுகிறோம். அன்பர்கள் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு படிப்பது நலம்.

நிவாரணம் வேறு, தள்ளுபடி வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று நிவாரணம், மற்றொன்று தள்ளுபடி. இவ்விரண்டும் ஒன்றென நினைப்பதே பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர்.

நிவாரணம் என்பது வருமானத்திலிருந்து கழிக்கப்படுவது. 4,000 வெள்ளி நிவாரணம் என்றால் 4,000 வெள்ளி கையில் வந்துவிட்டது என்பது பொருளன்று. நம் வருமானத்தில் 4,000 வெள்ளிக்கு வரி போடப்படாது என்பதே பொருள். நாம் கட்டும் வரியின் விகிதம் நூற்றுக்கு 7 என்றால் மிச்சம் 280 வெள்ளி. நூற்றுக்கு 2 என்றால் மிச்சம் 80 வெள்ளிதான். தள்ளுபடியோ, கணக்கிட்டு முடித்த வரியிலிருந்தே கழிக்கப்படுவது. வரி 500 வெள்ளி, தள்ளுபடி 500 வெள்ளி என்றால் கட்டவேண்டியது ஒன்றுமில்லை.

ஆகவே நிவாரணம் வருமானத்தைக் குறைக்கும். தள்ளுபடி வரியைக் குறைக்கும். இதை மனத்திற் பதித்துக்கொண்டு மேலே செல்வோம்.

பிள்ளையைப் பற்றிய நான்கு கேள்விகள்

முதலாவது சலுகை, தகுதிபெறும் பிள்ளைக்கான நிவாரணம். படிவத்தில் இது 'குவாலிஃபையிங் சைல்ட் ரிலீஃப்' என்ற பெயரில் காணப்படும். பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 4,000 வெள்ளி. உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளையாயின் அதற்குப் பதிலாக 7,500 வெள்ளி. கேட்பவர் வரி விதிகளின்படி சிங்கப்பூரில் வசிப்பவராக இருத்தல் வேண்டும். அதன்பின் பிள்ளையைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதற் கேள்வி: பிள்ளை சட்டப்படி நம்முடையதா? பெற்ற பிள்ளை, கணவன் அல்லது மனைவியின் முன்மணத்துப் பிள்ளை, சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை ஆகிய மூவகையினருக்கே நிவாரணம் உண்டு. தம்பி மகனையோ தங்கை மகளையோ வீட்டில் வைத்து, உண்ணக் கொடுத்து, படிக்கவைத்து வளர்ப்போர் நம்மிடையே உண்டு. அந்த அன்பைச் சட்டம் குறை கூறவில்லை. ஆயினும் தத்துப் பத்திரமில்லாத பிள்ளையை இந்த நிவாரணத்திற்குக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாம் கேள்வி: வயது என்ன, அல்லது படிப்பு என்ன? 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் வேறு விளக்கம் தேவையில்லை. 16 வயதைக் கடந்த பிள்ளையாயின் பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ வேறு கல்விக்கூடத்திலோ முழுநேரமாகப் படித்திருக்க வேண்டும். பகலில் வேலை, மாலையில் பகுதிநேரப் படிப்பு என்பது போதாது.

மூன்றாம் கேள்வி: பிள்ளைக்கு மணமாகிவிட்டதா? மணமான பிள்ளைக்கு இந்த நிவாரணம் இல்லை.

நான்காம் கேள்வி: பிள்ளையின் சொந்த வருமானம் எவ்வளவு? முன்னர் இந்த வரம்பு ஆண்டுக்கு 4,000 வெள்ளியாக இருந்தது. 2025ஆம் வரியாண்டு முதல், அஃதாவது 2024இல் ஈட்டிய வருமானம் முதல், அது 8,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. பலதொழிற் கல்லூரியிற் படித்துக்கொண்டே கடையில் பகுதிநேர வேலை பார்க்கும் மகனின் ஊதியத்தைப் பெற்றோர் சில வேளை கேட்பதே இல்லை. ஆண்டு முழுதும் சேர்த்துக் கூட்டினால் வரம்பைத் தாண்டியிருக்கக்கூடும். கேட்டறிந்து எழுதுவதே முறை.

இந்நான்கில் குடியுரிமை பற்றிய கேள்வி இல்லை என்பதைக் கவனிக்க. பின்னால் வரும் இரண்டு சலுகைகளில் அக்கேள்வி வரும்.

இந்த 4,000 வெள்ளியைத் தந்தை கேட்கலாம், தாய் கேட்கலாம், இருவரும் பேசிப் பங்கிட்டுக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் ஒரே பிள்ளைக்கு இருவரும் தனித்தனியே முழுத் தொகையையும் கேட்கலாகாது.

தாய்க்கு மட்டும் உரியது

இரண்டாவது சலுகை, வேலை செய்யும் தாய்மார்களின் பிள்ளைக்கான நிவாரணம். உத்தியோகம் பார்த்தோ வியாபாரம் செய்தோ தாமே சம்பாதிக்கும் தாய்க்கு மட்டுமே இது உரியது. அவர் மணவாழ்வில் இருப்பவராகவோ, மணவிலக்குப் பெற்றவராகவோ, கணவரை இழந்தவராகவோ இருக்கலாம். பிள்ளை முற்கூறிய நான்கு கேள்விகளிலும் தேறியிருக்க வேண்டும். அத்துடன் சிங்கப்பூர்க் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருத்தல் வேண்டும்.

இதில் 2024ஆம் ஆண்டு ஒரு பெரிய மாறுதல் வந்தது. அதற்கு முன் பிறந்த பிள்ளைகளுக்குத் தாயின் சம்பாத்தியத்தில் நூற்று விகிதம்: முதற் பிள்ளைக்கு 15, இரண்டாம் பிள்ளைக்கு 20, மூன்றாம் பிள்ளை முதல் ஒவ்வொன்றுக்கும் 25. 2024 ஜனவரி 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கோ நிலையான தொகை: முதற் பிள்ளைக்கு 8,000 வெள்ளி, இரண்டாம் பிள்ளைக்கு 10,000 வெள்ளி, மூன்றாம் பிள்ளை முதல் ஒவ்வொன்றுக்கும் 12,000 வெள்ளி.

இம்மாறுதலால் யாருக்கு லாபம்? ஆண்டுக்கு 30,000 வெள்ளி சம்பாதிக்கும் தாய்க்கு முதற் பிள்ளைக்காகப் பழைய முறையில் கிடைத்தது 4,500 வெள்ளி நிவாரணம்; புதிய முறையில் 8,000. ஆண்டுக்கு 1,00,000 வெள்ளி சம்பாதிக்கும் தாய்க்குப் பழைய முறையில் 15,000. புதிய முறையில் அதே 8,000. ஏறத்தாழ 53,000 வெள்ளிக்குக் கீழே சம்பாதிக்கும் தாய்மார் முதற் பிள்ளையின் பொருட்டுப் புதிய முறையில் கூடுதல் பெறுகின்றனர்.

வரம்புகளும் உண்டு. ஒரு பிள்ளைக்கு முதற் சலுகையையும் இதையும் சேர்த்து 50,000 வெள்ளிக்கு மேற்போகலாகாது. ஒருவர் எல்லா வகையிலும் கேட்கும் நிவாரணங்களின் கூட்டுத்தொகை, 2018ஆம் வரியாண்டு முதல், 80,000 வெள்ளிக்கு மேற்போகலாகாது.

பெற்றோருக்கான தள்ளுபடி

மூன்றாவது சலுகை நிவாரணமன்று, தள்ளுபடி. 2008 ஜனவரி 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு, முதற் பிள்ளையாயின் 5,000 வெள்ளி, இரண்டாம் பிள்ளையாயின் 10,000 வெள்ளி, மூன்றாம் பிள்ளை முதல் ஒவ்வொன்றுக்கும் 20,000 வெள்ளி. பிள்ளை பிறக்கும்போதே சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். அல்லது பிறந்த 12 மாதங்களுக்குள் பெற்றிருக்க வேண்டும். கணவனும் மனைவியும் இதைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

இது ஆண்டுதோறும் கிடைப்பதன்று; பிள்ளைக்கு ஒரு முறை கிடைப்பது. ஆனால் ஓராண்டில் தீராத மிச்சம் அழிந்துபோவதில்லை. தீரும்வரை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லப்படும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இனி மூன்றையும் ஒரு குடும்பத்தில் வைத்துப் பார்ப்போம். கணவன், மனைவி இருவரும் 55 வயதுக்குக் கீழே. கணவனின் ஆண்டு ஊதியம் 60,000 வெள்ளி. மனைவியின் ஊதியம் 42,000 வெள்ளி. பிள்ளைகள் இருவர்: மூத்தவள் ஆரம்பப் பள்ளி மாணவி, இளையவன் 2024இல் பிறந்தவன், இருவரும் குடிமக்கள். மத்திய சேமநிதிக்கு நூற்றுக்கு 20 வீதமும், சம்பாதிப்போருக்கான 1,000 வெள்ளி நிவாரணமும் கழித்தால் கணவனுக்கு 47,000 வெள்ளியும் மனைவிக்கு 32,600 வெள்ளியும் நிற்கின்றன.

வரி விகிதம் இது: முதல் 20,000 வெள்ளிக்கு வரியில்லை, அடுத்த 10,000க்கு நூற்றுக்கு 2, அதற்கடுத்த 10,000க்கு நூற்றுக்கு 3.5, அதற்கு மேல் 80,000 வரை நூற்றுக்கு 7. இதன்படி பிள்ளைகளின் பேரால் ஒன்றும் கேளாவிட்டால் கணவனுக்கு வரி 1,040 வெள்ளி, மனைவிக்கு 291 வெள்ளி. மொத்தம் 1,331 வெள்ளி. அந்தந்த ஆண்டுக்கென அரசாங்கம் அறிவிக்கும் தனித் தள்ளுபடிகளை இதில் சேர்க்கவில்லை.

மனைவிக்கு மட்டும் உரிய நிவாரணத்தை முதலில் எடுப்போம். மூத்தவளுக்கு 42,000இல் நூற்றுக்கு 15, அஃதாவது 6,300. இளையவன் இரண்டாம் பிள்ளையாதலால் 10,000. கூட்டினால் 16,300. இதை 32,600இலிருந்து கழிக்க, 16,300 நிற்கிறது. இது 20,000க்குக் கீழ், மனைவிக்கு வரியில்லை.

இந்நிலையில் பிள்ளைகளுக்கான தலா 4,000 வெள்ளி நிவாரணத்தையும் மனைவி கேட்டால் என்ன ஆகும்? ஒரு காசும் மிச்சமாகாது, வீணே போகும். அதைக் கணவன் கேட்டால் 47,000 என்பது 39,000 ஆகும். வரி 1,040இலிருந்து 515 ஆகும். மிச்சம் 525 வெள்ளி. ஒரே சட்டம், ஒரே குடும்பம், ஒரே பிள்ளைகள். யார் பெயரில் எழுதுகிறோம் என்பதில் 525 வெள்ளி வித்தியாசம்!

அந்த 515 வெள்ளியையும் இளையவனுக்குரிய 10,000 வெள்ளித் தள்ளுபடியிற் கழித்துக்கொள்ளலாம். அவ்வாண்டு கட்டவேண்டிய வரி ஒன்றுமில்லை. 9,485 வெள்ளி அடுத்த ஆண்டுகளுக்கு நிற்கும். ஆகவே படிவத்தைத் தனித்தனியே நிரப்பாமல், கணவனும் மனைவியும் ஓரிடத்தில் உட்கார்ந்து கலந்து பேசி நிரப்புக என்பதே இக்கணக்கு கற்பிக்கும் பாடம்.

இதன் எல்லை

ஓர் உண்மையையும் மறைக்காமல் கூறவேண்டும். இச்சலுகைகள் யாவும் வரியைக் குறைப்பவையே. கையில் ரொக்கமாகத் தருபவை அல்ல. சொற்ப ஊதியத்தில் நான்கு பிள்ளைகளை வளர்க்கும் ஏழைத் தந்தைக்கு வரியே இல்லையாதலால் இந்த ஆண்டில் இவற்றால் ஆவது ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டியது வேறு உதவித் திட்டங்கள். அத்தகையோரிடம் "வரிச் சலுகை இருக்கிறதே" என்று சொல்லி அனுப்பிவிடுவது உதவியாகாது. ஆயினும் தள்ளுபடியின் மிச்சம் அழிவதில்லை என்பதை அவரும் அறிந்திருத்தல் நன்று. நாளை ஊதியம் உயரும்போது அது கைகொடுக்கும்.

செய்யவேண்டியது

உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையவழிப் படிவம் ஆண்டுதோறும் மார்ச் 1 முதல் திறந்திருக்கும்; ஏப்ரல் 18 கடைசி நாள். "நீங்கள் படிவம் நிரப்பவேண்டியதில்லை" என்ற அறிவிப்பு பலருக்கு வருகிறது. அதைக் கண்டு இருந்துவிடலாகாது. சென்ற ஆண்டு பிறந்த பிள்ளையின் பேரால் புதிதாகக் கேட்கவேண்டியதிருந்தால், அந்நாளுக்குள் படிவத்தை நாமே நிரப்பியாக வேண்டும். அவ்வாறே, வேலைக்குப் போய்விட்ட மகனின் பெயர் பழைய கணக்கில் இன்னும் நின்றால் அதை நீக்கவேண்டியதும் நம் பொறுப்பே. பிறப்புச் சான்று, தத்துப் பத்திரம், கல்விக்கூடத்தின் கடிதம் ஆகியவற்றை ஒரே உறையிற் போட்டு வைத்துக்கொள்க.

பயிற்சி

1. மகளுக்கு 17 வயது. தொடக்கக் கல்லூரியில் முழுநேரப் படிப்பு. விடுமுறையில் வேலை செய்து 3,000 வெள்ளி பெற்றாள். தந்தை 4,000 வெள்ளி நிவாரணம் கேட்கலாமா?

2. தத்தெடுக்காமல் வளர்க்கும் அண்ணன் மகனுக்காகக் கேட்கலாமா?

3. பிள்ளை நிரந்தரவாசி, குடியுரிமை இல்லை. வேலை செய்யும் தாய் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது?

விடைகள்: (1) கேட்கலாம். வயது கடந்தாலும் முழுநேரப் படிப்பு உண்டு; வருமானம் வரம்புக்குள் இருக்கிறது. (2) கேட்கலாகாது. (3) மற்ற நிபந்தனைகள் பொருந்தினால் முதற் சலுகையான 4,000 வெள்ளியைக் கேட்கலாம். வேலை செய்யும் தாய்க்குரிய நிவாரணத்தைக் கேட்கலாகாது.

மூன்றுக்கும் சரியான விடை கூறியவர்கள் இப்பாடத்தை அறிந்தவர்கள். அவர்கள் பக்கத்து வீட்டாருக்கும் ஒரு முறை சொல்லிக்கொடுப்பார்களாக.