‘பம்பிங் 60’ என்றால் மீதி 40 எங்கே போனது?

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை வரை சாலையின் இருபுறமும் இருக்கும் தொழிற்சாலைகளில் ஆண்டுக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்கும். பிரஷர், சுகர், கண், காது, பல இடங்களில் ஈசிஜி. தாளின் மேல்மூலையில் ‘நார்மல்’ என்று அச்சாகி வந்துவிட்டால் அந்த ஆண்டுக்கு இதயத்தைப் பற்றிய கவலை தீர்ந்தது. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ முடித்துவிட்டு ஷிப்டுக்குத் திரும்பும் பெண்ணுக்கும் அதே தாள்தான் சான்று. இந்தப் பகுதியில் பரவலாக இருக்கும் முதல் தவறான நம்பிக்கை இதுதான். ஈசிஜி பதிவது இதயத்தின் மின்னோட்டத்தை. கீமோ மருந்துகள் பெரும்பாலும் கெடுப்பது தசையை. மின்னோட்டம் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே தசையின் சுருங்கும் வலு குறைந்துகொண்டு வரலாம். ஈசிஜி வீண் என்று சொல்லவில்லை. துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் சில மருந்துகளுக்கு அது அவசியம். தசையின் நிலையைச் சொல்ல மட்டும் அதற்கு வழியில்லை. அதற்கு எக்கோ வேண்டும். அந்த எக்கோவும் எப்போது எடுக்கப்பட்டது, எதோடு ஒப்பிடப்பட்டது என்பதைப் பொறுத்தே பயன்படும்.

இதற்கு நேர்எதிரான நம்பிக்கை இன்னும் ஆபத்தானது: “கீமோ போட்டால் ஹார்ட் போய்விடும், அதற்கு நாட்டு மருந்தே மேல்.” இந்தப் பயத்துக்கு ஒரு வேர் உண்டு, அதை மறுப்பதில் அர்த்தமில்லை. நோயாளிகள் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்லும் டாக்சோரூபிசின் (ஏற்றிய பிறகு சிறுநீரும் சிவந்து போகும்) இதயத் தசைக்கு நஞ்சு என்பது 1970களிலேயே தெரிந்த விஷயம். ஆனால் நஞ்சு அளவைப் பொறுத்தது. 2003இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின் கணக்குப்படி, உடல்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் ஏறியவர்களில் சுமார் 5 சதவீதத்தினருக்கு இதயச் செயலிழப்பு வந்தது, 550இல் அது 26 சதவீதம், 700இல் 48. மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகத் தரும் நான்கு தவணைகளைக் கூட்டினால் வருவது 240. புற்றுநோய் மருத்துவர் ஒவ்வொரு தவணைக்கும் இந்தக் கூட்டுத்தொகையை எழுதிக்கொண்டு வருவது அதனால்தான். எனவே கேள்வி ‘கீமோ இதயத்தைக் கெடுக்குமா’ என்பதல்ல. யாருக்கு, எவ்வளவு, அதை எப்போது கண்டுபிடிப்பது என்பவையே கேள்விகள். ஏற்கெனவே பிரஷர், சுகர் உள்ளவர்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் 240இலும் எச்சரிக்கை வேண்டும்.

இரண்டாவது மருந்து டிராஸ்டுசுமாப். ஹெர்-2 வகை மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஏறத்தாழ ஓராண்டு போடும் ஊசி. 2001இல் வெளியான ஆய்வில் இதைச் சிவப்பு மருந்து உள்ள கீமோவோடு சேர்த்துப் பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கு இதயக் கோளாறு தென்பட்டது. ஊசி இல்லாமல் அதே கீமோவை மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம். அதன் பிறகுதான் இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்காமல் ஒன்று முடிந்து மற்றொன்று என்று மாற்றினார்கள். 2014இல் பயோகான் நிறுவனம் இதன் உள்நாட்டு வடிவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, முன்பு இந்த மருந்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத குடும்பங்களுக்கும் அது எட்டத் தொடங்கியது. நல்ல செய்திதான். மருந்து எட்டும் இடமெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோவும் எட்ட வேண்டும் என்பதை மட்டும் யாரும் அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை.

இனி எக்கோ அறைக்கு வருவோம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஜெல் தடவி, விலா எலும்புகளின் இடுக்கில் கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். கதிரியக்கம் கிடையாது, ஊசி கிடையாது. இதயத்தின் இடது கீழறை நிறைந்து நிற்கும்போதும், சுருங்கி முடிந்தபோதும் அதன் உள்விளிம்பைத் திரையில் கோடாக வரைந்து, நிறைந்த ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியேறியது என்று கணக்கிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் ‘பம்பிங் 60’ என்று வருவது இந்த எண். அதைப் படித்துவிட்டு மீதி 40 பழுதாகிவிட்டதாக நினைத்துக் கலங்குபவர்கள் ஏராளம். எந்த இதயமும் நூறு சதவீத ரத்தத்தையும் ஒரே துடிப்பில் வெளியேற்றுவதில்லை. அந்த அறை முழுதாகக் காலியாவதே இல்லை. 55க்கும் 70க்கும் இடைப்பட்டது சாதாரண அளவு. 60 என்பது பரீட்சை மார்க் அல்ல, ஆரோக்கியமான இதயத்தின் எண்.

ஆனால் அந்த 60ஐப் பார்த்து ஒரேயடியாக நிம்மதி அடைவதிலும் ஒரு தவறு இருக்கிறது. வழக்கமான இருபரிமாண எக்கோவில், அதே இதயத்தை வேறொருவர் வேறொரு நாள் அளந்தால் ஏறக்குறைய 10 புள்ளிவரை வித்தியாசம் வரலாம். இடது மார்பை அகற்றிய பெண்களுக்குப் படம் தெளிவாகக் கிடைப்பதும் கடினம். ஆகவே இன்று 60, மூன்று மாதம் கழித்து 54 என்றால் அது கெடுதலா, கைமாற்றத்தின் பிசகா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் ‘ஸ்ட்ரெயின்’ என்ற நுட்பமான அளவீடு உதவுகிறது. எக்கோ படத்தில் தசைக்குள் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகளை மென்பொருள் ஒவ்வொரு படமாகப் பின்தொடர்ந்து, துடிக்கும்போது தசை எவ்வளவு குட்டையாகிறது என்று கணக்கிடுகிறது. நீளம் குறைவதால் இந்த எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும். ‘மைனஸ் 20’ என்றால் தசை ஐந்தில் ஒரு பங்கு குட்டையாகிறது என்று பொருள். மைனஸைக் கண்டு பயப்பட வேண்டாம், அதுதான் நல்ல எண். அது மைனஸ் 17க்கு வந்தால் 15 சதவீதச் சரிவு. 2022இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல் 15 சதவீதத்தைத் தாண்டிய சரிவைத் தொடக்கநிலைப் பாதிப்பாகக் கொள்கிறது, பம்பிங் எண் 50க்குக் கீழே இறங்காவிட்டாலும்கூட. ஆனால் மைனஸ் 17ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாராலும் இதைச் சொல்ல முடியாது. 20லிருந்து இறங்கி வந்தது என்று தெரிந்தால்தான் செய்தி. தொழிற்சாலையில் ஒரு மோட்டாரை நிறுவிய அன்றே அதன் அதிர்வைப் பதிந்து வைப்பது, ஐந்து வருடம் கழித்து வரும் அதிர்வு புதியதா, பிறந்தபோதே இருந்ததா என்று பிரித்தறியத்தான். கீமோவுக்கு முந்தைய எக்கோவும் அப்படித்தான். அடுத்து வரும் படங்களுக்கெல்லாம் பொருள் கொடுப்பது அந்த ஒரு படம். அவசரத்தில் விட்டுப்போவதும் பெரும்பாலும் அதுவே.

“அறிகுறி வரட்டும், மூச்சு வாங்கினால் பார்த்துக்கொள்ளலாம்” என்பது நியாயமாகத் தோன்றும் ஆட்சேபம். கீமோ காலத்தில் ரத்தசோகையாலும் களைப்பாலும் எல்லோருக்கும்தான் மூச்சு வாங்குகிறது. கால் வீங்கினால் எட்டு மணி நேரம் லைனில் நின்ற வேலையைக் காரணம் சொல்லிவிடுவார்கள். அறிகுறிக்குக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். மிலான் நகரில் கார்டினாலே குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, சிவப்பு மருந்து வகையால் பம்பிங் குறைந்துபோன 201 பேரைப் பற்றியது. கீமோ முடிந்து இரண்டு மாதத்துக்குள் இதய மருந்து தொடங்கியவர்களில் 64 சதவீதத்தினருக்கு பம்பிங் முழுதாக மீண்டது. ஆறு மாதம் கடந்து தொடங்கியவர்களில் ஒருவருக்கும் முழுதாக மீளவில்லை. அதே குழு 2015இல் 2,625 பேரைத் தொடர்ந்து கண்காணித்து வெளியிட்ட முடிவில், பாதிப்பு வந்தவர்கள் 9 சதவீதம். அவர்களில் 98 சதவீதத்தினருக்கு அது தெரிய வந்தது முதல் ஓராண்டுக்குள். கண்காணிக்காமல் விட்ட ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகள் அல்ல இவை என்று ஒருவர் குறை சொல்லலாம், சரியான குறைதான். ஆனாலும் காலம் கடந்தால் வாய்ப்பு குறைகிறது என்ற திசையை அவை மறைக்கவில்லை.

ஸ்ட்ரெயினைப் பற்றியும் அளவோடுதான் பேச வேண்டும். டொராண்டோவின் தினேஷ் தவேந்திரநாதன், ஆஸ்திரேலியாவின் தாமஸ் மார்விக் ஆகியோர் நடத்திய ‘சக்கர்’ (SUCCOUR) என்ற ஆய்வில் ஒரு பிரிவினருக்கு ஸ்ட்ரெயின் சரிந்ததுமே இதய மருந்து தந்தார்கள், மறுபிரிவினருக்கு பம்பிங் எண் இறங்கிய பிறகு. ஓராண்டு முடிவில் வரையறுத்த அளவுக்குப் பாதிப்பு வந்தவர்கள் முறையே 5.8 சதவீதமும் 13.7 சதவீதமும். ஆனால் அந்த ஆய்வு முதன்மையாக அளக்க நினைத்தது சராசரி பம்பிங்கின் மாற்றத்தை. அதில் கணிசமான வித்தியாசம் வரவில்லை. மூன்றாண்டு கழித்தும் வரவில்லை. ஆகவே ஸ்ட்ரெயின் வசதி இல்லாத மையத்தில் சிகிச்சை பெறுபவர் ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டியதில்லை. முடிந்தால் அதே கருவியில், அதே முறையில் எடுத்த சாதாரண எக்கோ, முதல் படத்தோடு ஒப்பிடப்பட்டால், பாதிப் பயணத்தில் வேறு மையத்தில் எடுத்த ஒற்றை ஸ்ட்ரெயினைவிடப் பயனுள்ளது. செலவு என்ற ஆட்சேபமும் இங்கே வலுவிழக்கிறது. டிராஸ்டுசுமாபின் ஒரு தவணை விலையோடு வைத்துப் பார்த்தால் எக்கோ சிறு தொகை.

எக்கோ எடுத்தால் எதையாவது கண்டுபிடித்து புற்றுநோய் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. முன்பு அப்படி அவசரப்பட்டு நிறுத்தியதும் உண்டுதான். இப்போதைய போக்கு வேறு. பம்பிங் 40க்கும் 49க்கும் இடையில் இருந்தவர்களுக்கு இதய மருந்தோடு சேர்த்து ஹெர்-2 மருந்தைத் தொடர்ந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில் 30 பேரில் 27 பேர் சிகிச்சையை முழுதாக முடித்தார்கள். டிராஸ்டுசுமாப் தரும் பாதிப்பு பெரும்பாலும் மீளக்கூடியது. சிவப்பு மருந்தின் பாதிப்பு அவ்வளவு எளிதில் மீளாது. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு தானாக ஊசியை நிறுத்துபவர் இரண்டு நோய்க்கும் இடம் கொடுக்கிறார்.

எக்கோவால் காட்ட முடியாததும் இருக்கிறது. இடது மார்புக்கு ‘கரண்ட்’ (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தவர்களுக்குப் பிரச்சினை தசையைவிட ரத்தக்குழாயில் வரலாம். டென்மார்க், ஸ்வீடன் பெண்களை வைத்து 2013இல் வந்த ஆய்வின்படி இதயத்தில் விழும் கதிர்வீச்சு ஒரு கிரே கூடினால் மாரடைப்பு போன்ற பெரிய இதயக்குழாய் நிகழ்வுகளின் வீதம் 7.4 சதவீதம் கூடுகிறது. இப்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி இதயத்தைக் கதிரின் வழியிலிருந்து விலக்கும் முறை அதைக் குறைக்கத்தான். குடல் புற்றுநோய்க்குத் தரும் 5-எஃப்யூ வகை மருந்துகள் இதயக் குழாயைச் சுருக்கி நெஞ்சுவலி தரலாம். வலி நின்றபின் எடுத்த எக்கோ சுத்தமாக இருக்கும். அந்த வலியை வாயு என்று விட்டுவிடக் கூடாது.

வல்லக்கோட்டைப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கே வாடகை அறையிலும் விடுதியிலும் தங்கி வேலை பார்ப்பவர்களில் கணிசமானோர் வெளிமாவட்டத்தார், வெளிமாநிலத்தார். காஞ்சிபுரம் காரைப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனையிலோ அடையாறிலோ சிகிச்சை தொடங்கும், மீதி சொந்த ஊரில் நடக்கும். வேலை போய்விடுமோ என்று கம்பெனி பரிசோதனையில் ஃபைலை மறைப்பவர்களும் உண்டு. ஒப்பிட வேண்டிய முதல் படம் ஓர் ஊரிலும், ஒப்பிட வேண்டியவர் வேறு ஊரிலும் இருந்தால் எக்கோ மறுபடி வெறும் எண்ணாகிவிடும். டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று விவரங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: சிவப்பு மருந்து மொத்தம் எத்தனை மில்லிகிராம் ஏறியது, கீமோவுக்கு முன் எடுத்த எக்கோவின் தேதியும் எண்களும், கரண்ட் வைத்திருந்தால் இதயத்தில் விழுந்த கிரே எவ்வளவு. எக்கோ ரிப்போர்ட் காகிதத்தோடு, படம் பதிந்த சிடியையும் கேளுங்கள். சிகிச்சை முடிந்த ஓராண்டுக்குள் இன்னொரு எக்கோ எடுக்கும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.