கண்வலிக்கிழங்கின் விஷமும் மருந்தும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வேலியோரங்களிலும் புதர்க்காடுகளிலும் தீக்கொழுந்து போல் மலர்ந்து நிற்கும் கொடியொன்றை நம் குடியானவர்களில் அறியாதார் இலர். இதனைக் கண்வலிக்கிழங்கு என்றும், கலப்பைக்கிழங்கு என்றும், கார்த்திகைப் பூ என்றும் அந்தந்த ஊர் வழக்கப்படி அழைப்பர். இலக்கியங்களில் இதன் பெயர் காந்தள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரிசையாகக் கூறப்படும் மலர்களுள் முதலில் நிற்பது இதுவே. வடமொழியில் இதற்கு லாங்கலி என்று பெயர். லாங்கலம் என்றால் கலப்பை. இதன் கிழங்கு கலப்பையைப் போல் வளைந்திருப்பதால் இரு மொழிகளிலும் ஒரே காரணம் பற்றிய பெயர் அமைந்தது. தாவர சாஸ்திரிகள் இதனைக் குளோரியோசா சுபர்பா என்பர். தமிழ்நாட்டின் மாநில மலராகவும், ஆப்பிரிக்காவிலுள்ள சிம்பாப்வே நாட்டின் தேசிய மலராகவும் விளங்குவது இதுவேயாகும்.

அழகுக்காகத் தோட்டங்களில் வளர்க்கப்படும் இக்கொடி, மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் முதலிய பகுதிகளில் பணப்பயிராகவும் சாகுபடி செய்யப்படுகிறது. இதன் விதைகள் மருந்துத் தொழிற்சாலைகளுக்காக வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றன. ஆயினும் இதே கொடியின் கிழங்கைத் தின்று மாண்டவர்களும் உண்டு. மருந்தாகும் பொருள் வேறு, விஷமாகும் பொருள் வேறு என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. இரண்டும் ஒரே பொருள். வேறுபாடு அளவில் மட்டுமே உள்ளது. இதனை நன்கு உணர்ந்தவரே இப்பயிரைத் துணிந்து கைக்கொள்ளலாம்.

செடியின் இலட்சணம்

பூமிக்குள் இருக்கும் கிழங்கு இரண்டு கிளைகளாகப் பிரிந்து, கவட்டை வடிவில் அமைந்திருக்கும். மழைக்காலத்தில் இதிலிருந்து தண்டு கிளம்பிக் கொடியாகப் படரும். இலைக்குக் காம்பு இல்லை. இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அருகிலுள்ள செடியைப் பிடித்துக்கொள்ளும். வேறு கொடிகளினின்று இதனைப் பிரித்தறிய இந்த ஓர் அடையாளமே போதுமானது. மலருக்கு இதழ்கள் ஆறு. அவை விளிம்பில் அலையலையாக நெளிந்து, பின்புறமாக மடிந்து மேல்நோக்கி நிற்கும். மொட்டவிழும்போது பசுமையாகவும், பின்பு மஞ்சளாகவும், முதிர்ந்தபின் செக்கச் சிவந்தும் காணப்படும். காய் முற்றி வெடிக்கையில் உள்ளே செம்மஞ்சள் நிறமுள்ள விதைகள் தென்படும். மாரிக்காலம் கழிந்ததும் கொடி காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் அடுத்த பருவம் வரையில் பூமிக்குள் உறங்கும். கொடி மறைந்துவிட்ட இக்காலத்திலேதான் மண்ணைக் கொத்துவோர் இதனை வள்ளிக்கிழங்கு என்று மயங்கி எடுத்துவிடுகின்றனர்.

இதில் அடங்கிய சத்து

இக்கொடியின் எல்லா உறுப்புகளிலும் கோல்சிசின் என்னும் சத்து உண்டு. கிழங்கிலும் விதையிலும் இது மிகுதி; கிழங்கைக் காட்டிலும் விதையில் அதிகம். ஆயினும், 100 கிலோ விதையில் 1 கிலோவுக்கும் குறைவாகவே இச்சத்து கிட்டும். ஐரோப்பாவில் விளையும் கோல்சிகம் என்னும் செடியிலிருந்து இதனை 1820-ஆம் ஆண்டில் பெல்லத்தியே, காவந்து என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இருவர் முதன்முதலில் பிரித்தெடுத்தனர். நம் காந்தளும் அச்செடியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

பிராணிகளின் உடலும் செடிகளின் உடலும் கண்ணுக்குப் புலப்படாத சிற்றறைகளால் ஆனவை. ஓர் அறை இரண்டாகப் பிரிவதாலேயே உடல் வளர்கிறது. தேய்ந்த பாகங்களும் புதுப்பிக்கப்படுகின்றன. பிரிவதற்கு அறையினுள் நுண்ணிய இழைகள் உண்டாக வேண்டும். கோல்சிசின் அவ்விழைகள் உருவாகாதபடி தடுத்துவிடுகிறது. மருந்துக் குணம், விஷக் குணம் ஆகிய இரண்டுக்கும் மூலகாரணம் இதுவே.

விவசாயத்துறையும் இக்குணத்தால் பயன் பெற்றுள்ளது. 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ, ஏவரி என்போர், இச்சத்தைச் செடிகளில் செலுத்தினால் அறை பிரியாமல் குலத்தன்மையைத் தாங்கும் நிறக்கோல்கள் மட்டும் இரட்டிக்கின்றன என்று காட்டினர். இம்முறையை ஆதாரமாகக் கொண்டே விதையில்லாத் தர்ப்பூசணி முதலிய இரகங்கள் உண்டாக்கப்பட்டன.

மருந்தாகும் விதம்

மூட்டுகளில் உப்பு தங்கி, கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, துணி பட்டாலும் பொறுக்கவொண்ணாத வலியைத் தரும் வாதநோய் ஒன்று உண்டு. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அம்மூட்டில் திரண்டு அழற்சியை மிகுவிப்பதாலேயே அவ்வலி உண்டாகிறது. கோல்சிசின் அவ்வணுக்களின் இயக்கத்தைத் தடுத்து அழற்சியைத் தணிக்கிறது. இருதயத்தின் இரத்தக்குழாய் நோயுள்ளோர்க்கு மாரடைப்பு நேரும் அபாயத்தைக் குறைக்கவும் இதனைச் சிற்றளவில் கொடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2023-ஆம் ஆண்டில் அனுமதி அளித்தது. இதிலிருந்து செய்யப்படும் தயோகோல்சிகோசைடு என்னும் மருந்து, தசைப்பிடிப்புக்கு வழங்கப்படுகிறது.

இங்கு அளவைக் கவனிக்க வேண்டும். ஒரு மாத்திரையில் உள்ள கோல்சிசின் அரை மில்லிகிராம் மட்டுமே. ஒரு கிராமை 2,000 பங்காகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு இது. அத்தகைய அளவை நிறுக்கத்தக்க தராசு எந்த வீட்டில் உண்டு? ஒரு கிழங்கைப் போல் மற்றொரு கிழங்கு இருப்பதில்லை. மண், பருவம், வயது ஆகியவற்றுக்கேற்பச் சத்து கூடியும் குறைந்தும் இருக்கும். எனவே, சென்ற ஆண்டு ஒருவர் தின்று பிழைத்த அளவே இவ்வாண்டு மற்றொருவரைக் கொல்லலாம். தொழிற்சாலையில் பிரித்து, சோதித்து, நிறுத்த பின்னரே இது மருந்தாகிறது. நம் களத்தில் கிடக்கும் வரையில் இது விஷமே.

நாட்டு வைத்தியத்தில்

ஆயுர்வேத நூல்கள் லாங்கலியை உபவிஷங்களுள் ஒன்றாக வைத்தன. சித்த வைத்தியத்திலும் சுத்தி செய்த பின்னரே இது கையாளப்படுகிறது. மூட்டு வலிக்கும் சில தோல் நோய்களுக்கும் மேற்பூச்சாக இடுவது வழக்கம். கருவைக் கலைக்கும் குணம் பற்றி இதற்கு வடமொழியில் கர்ப்பபாதினி என்றும் ஒரு பெயர் உண்டு. முன்னோர் சுத்தி முறைகளை விதித்ததே இதன் கொடுமையை அறிந்துதான். ஆகையால், பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியர் கைப்பட்டாலன்றி இதனை ஒருவரும் உட்கொள்ளலாகாது. பாம்புக்கடிக்கும் தேள்கடிக்கும் இக்கிழங்கை அரைத்துப் பூசும் வழக்கம் சில ஊர்களில் உள்ளது. பாம்பு விஷத்தை முறிக்கும் ஊசிமருந்து அரசாங்க மருத்துவமனைகளில் கிடைக்கும்போது, பூச்சில் காலத்தைப் போக்குவது உயிரைப் போக்குவதாகும்.

பயிரிடும் முறை

நீர் தேங்காத செம்மண் நிலமே இதற்கு ஏற்றது. களிமண் நிலத்திலும் வடிகால் இல்லாத இடத்திலும் கிழங்கு அழுகிவிடும். ஏக்கருக்கு 4 டன் தொழுவுரம் இட்டு நன்கு உழுது, கால்வாய் போன்ற பள்ளங்கள் எடுத்து, ஆனி, ஆடி மாதங்களில் நடவு செய்யலாம். விதையிலிருந்து வளர்த்தால் பூப்பதற்குச் சில ஆண்டுகள் செல்லுமாதலால் கிழங்கையே நடுவது வழக்கம். 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்குகள் சிறந்தவை. கிழங்கின் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரே ஒரு முளை மட்டும் இருக்கும். அது ஒடிந்தால் அக்கிளை முளைக்காது. ஆகையால், எடுக்கும்போதும் வண்டியில் ஏற்றும்போதும் கிழங்கு அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுமுன் பூஞ்சணக்கொல்லி மருந்தில் நனைத்தல் நன்று.

கொடி படர்வதற்கு முள்கிளுவை, விராலி முதலியவற்றின் கொம்புகளை நடலாம். கம்பிப் பந்தலும் அமைக்கலாம். பூக்கள் தாமாகச் சரிவரக் கருத்தரிப்பதில்லையாதலால், காலை 8 மணி முதல் 11 மணிக்குள் ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவின் சூலகமுடியில் கையால் தடவினால் காய்ப்பு மிகும். கருநிற உடலில் சிவப்பும் வெண்மையுமான புள்ளிகள் கொண்ட புழு ஒன்று இலைகளை மொட்டையாகத் தின்றுவிடும். மனிதனைக் கொல்லும் விஷம் அப்புழுவுக்கு உணவாகிறது! தொடக்கத்திலேயே புழுக்களைப் பொறுக்கி அழிப்பது நலம்.

நட்ட 160 முதல் 180 நாட்களில் காய்கள் முற்றும். அவற்றின் நிறம் கறுத்துத் தோல் சுருங்கத் தொடங்கியதும் பறித்து, 7 முதல் 10 நாட்கள் நிழலில் வைத்தால் வெடிக்கும். விதையைப் பிரித்து மேலும் ஒரு வாரம் நிழலில் உலர்த்த வேண்டும். நன்கு பராமரித்த தோட்டத்தில் ஏக்கருக்குச் சுமார் 200 கிலோ விதை எதிர்பார்க்கலாம். ஒரு முறை நட்டது ஏறத்தாழ ஐந்தாண்டு பலன் தரும். ஆனால், விதையை வாங்குவோர் சிலரேயாதலால் விலை ஆண்டுக்காண்டு பெரிதும் ஏறி இறங்கும். முதலில் சிறிதளவு நிலத்தில் பயிரிட்டு, விற்பனைக்கு வழி தெரிந்த பின் விரிவாக்குதல் விவேகமாகும். காட்டிலுள்ள கிழங்குகளைத் தோண்டி நடுவது கூடாது. அவ்வழக்கத்தால் இக்கொடி பல இடங்களில் அருகிவிட்டது.

கையாள்வோர்க்கு ஜாக்கிரதை

1. கிழங்கையும் விதையையும் உணவுப் பொருள்கள் வைக்கும் அறையில் வைத்தலாகாது. தனி அறையில் பூட்டி வைத்து, சாவியை உடையவரே வைத்துக்கொள்ள வேண்டும்.

2. விதை பிரிக்கும் ஆட்கள் கையுறை அணிய வேண்டும். தூசு மூக்கில் ஏறாதபடி துணி கட்டிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவாமல் வெற்றிலை போடுவதும் உணவு உண்பதும் கூடாது.

3. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் இவ்வேலையில் ஈடுபடுத்தலாகாது.

4. காய்த்தோலையும் காய்ந்த கொடியையும் மாட்டுத்தொழுவத்தில் போடலாகாது. ஆடு மாடுகளுக்கும் இது விஷமே.

5. கிழங்கு நட்ட நிலத்திலோ அதன் வரப்பிலோ சர்க்கரைவள்ளி, வள்ளி முதலிய உண்ணும் கிழங்குகளைப் பயிரிடலாகாது. வேகவைத்தாலும் இவ்விஷம் அழிவதில்லை என்பதை வீட்டுப் பெண்டிர்க்கும் அறிவித்தல் வேண்டும்.

விஷம் உட்சென்றால்

இவ்விஷத்தின் பெருங்கேடு இது உடனே தன்னைக் காட்டிக்கொள்ளாமையே. தின்ற சில மணி நேரம் வரையில் யாதொரு துன்பமும் தோன்றாதிருக்கலாம். பின்பு வாந்தியும், வாந்திபேதி நோய் போன்ற கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். உடலில் எந்தப் பாகங்கள் ஓயாமல் புதுப்பிக்கப்படுகின்றனவோ அவையே முதலில் தாக்கப்படுகின்றன. குடலின் உட்சவ்வு முதலாவது. அடுத்த சில நாட்களில் இரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜை. அதனோடு இருதயமும் சிறுநீரகமும் கெடும். பிழைத்தவர்க்கும் இரண்டொரு வாரங்களில் தலைமயிர் உதிர்வதுண்டு. மயிர் மீண்டும் முளைக்கும்.

இதற்கு எளிதில் கிடைக்கக்கூடிய மாற்றுமருந்து இல்லை. ஆகையால், துன்பம் தோன்றட்டும் என்று காத்திராமல், தின்றது தெரிந்த கணமே 108 வண்டியை அழைத்து, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். புளிக்கரைசல், உப்பு நீர் முதலியவற்றைப் புகட்டி வாந்தி எடுக்கச் செய்தலாகாது. எஞ்சிய கிழங்கின் துண்டையோ கொடியின் இலையையோ உடன் எடுத்துச் சென்றால் மருத்துவர் விஷத்தை உடனே கண்டறிவார். வயிற்றுப்போக்கு நின்றதும் நோய் தீர்ந்தது என்று கருதி நோயாளியை வீட்டுக்கு அழைத்து வருவது பெரும்பிழை. மஜ்ஜை கெடுவது அதற்குப் பின்னரே. மருத்துவர் விடை கொடுக்கும் வரையில் அங்கேயே தங்குதல் அவசியம்.

கிராம அதிகாரிகளுக்கு

இப்பயிர் உள்ள கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும், எந்தெந்தச் சர்வே எண்களில் கண்வலிக்கிழங்கு பயிராகிறது என்பதை அடங்கலில் சரிவரப் பதிவதோடு நில்லாமல், கிழங்கு தோண்டும் பருவத்திலும் விதை பிரிக்கும் பருவத்திலும் மேற்கண்ட எச்சரிக்கைகளைக் கூட்டங்களில் எடுத்துரைக்க வேண்டும். பள்ளிக்கூடத் தோட்டங்களில் அழகுக்காக இக்கொடி வைக்கப்பட்டிருந்தால் அதனருகே பெயரும் விஷ எச்சரிக்கையும் எழுதிய பலகை ஒன்று நடுவது நலம். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த கூலியாட்களுக்கு இக்கிழங்கு பழக்கமில்லாததாக இருக்கலாம். அவர்களுக்கு இதனைக் கையில் எடுத்துக் காட்டியே விளக்க வேண்டும்.

மூட்டுநோயால் துயருறும் ஒருவர்க்கு ஆறுதல் தரும் மாத்திரைக்கு நம் நிலத்தில் விளைந்த விதை ஆதாரமாவது பெருமைக்குரியதே. அப்பெருமை நிலைக்க வேண்டுமாயின், விதைக் களஞ்சியத்தின் பூட்டு உறுதியாக இருக்க வேண்டும். கிழங்கின் அடையாளம் வீட்டிலுள்ள குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.