அட்டையில் இருக்கும் சின்ன எழுத்து

தில்லியில் திரிலோக்புரி என்று ஓர் இடம். தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே இருக்கின்றன. அங்கே ஓர் அம்மா. பக்கத்தில் மயூர் விகாரில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய்.

தினம் ஒரு மாத்திரை போடச் சொல்லியிருந்தார் மருத்துவர். மாதம் மூன்று அட்டை வேண்டும். அம்மா இரண்டு அட்டைதான் வாங்குவார். இரண்டு நாள் போடுவார், ஒரு நாள் விடுவார்.

காலில் ஒரு புண். ஒரு மாதமாகியும் ஆறவில்லை. பக்கத்து வீட்டு மருமகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன அத்தை, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?"

"தினம் போட்டால் கட்டுப்படி ஆகுமா, தாயி? அரிசி வாங்க வேண்டாமா?"

அவள் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தாள். கம்பெனி வைத்த பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. சின்ன எழுத்தில் இன்னொரு பெயர் இருந்தது. சிட்டாகிளிப்டின். அதுதான் உள்ளே இருக்கும் மருந்து. பொன்னி அரிசியை எந்தக் கடையில் வாங்கினாலும் பொன்னிதான். பையில் அச்சடித்த பெயர்தான் வேறு.

இந்த மருந்து ஏன் விலை அதிகமாக இருந்தது? அதைக் கண்டுபிடித்த கம்பெனிக்குக் காப்புரிமை இருந்தது. அந்தக் கம்பெனி அனுமதிக்காமல் வேறு யாரும் அதைச் செய்ய முடியாது. 2022 ஜூலையில் காப்புரிமை முடிந்தது. பல கம்பெனிகள் செய்யத் தொடங்கின. விலை இறங்கியது.

மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008 முதல் நடக்கின்றன. தில்லியில் 'ஜன் ஔஷதி கேந்திரா' என்று கேட்க வேண்டும். 2022 செப்டம்பரில் அங்கே இந்த மருந்து வந்தது. 50 மில்லிகிராம் மாத்திரை பத்து, அப்போது 60 ரூபாய். வெளிக்கடைகளில் கம்பெனிப் பெயரில் விற்ற இந்த வகை மாத்திரைகள் பல, பத்துக்கு 162 ரூபாய் முதல் 258 ரூபாய் வரை இருந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த விலையில் இங்கே மூன்று அட்டை 180 ரூபாய். வெளியில் 162 ரூபாய் அட்டையை வாங்கினால் 486 ரூபாய்.

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்தான். ஆனால் வரிசையில் நின்றால் அரைநாள் வேலை போய்விடும். அதுவும் ஒரு செலவுதானே?

மருந்தை நாமாக மாற்றக் கூடாது. அம்மா மருத்துவரிடம் போனார். "ஐயா, கம்பெனி பெயர் வேண்டாம். மருந்தின் பெயரை எழுதுங்கள்" என்றார். எழுதிக் கொடுத்தார். மாத்திரையை விட்டு விட்டுப் போட்டதற்குத் திட்டும் கிடைத்தது. புண்ணுக்கும் மருந்து கிடைத்தது.

அட்டையில் இருப்பது ஆங்கிலம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். ஆனால் எண்கள் தெரியுமே! சீட்டில் 50 என்றால் அட்டையிலும் 50 இருக்க வேண்டும். விலை எவ்வளவு? எந்த மாதம், எந்த வருடம் காலாவதி? பெரும்பாலும் எண்கள்தான். அட்டையை வெட்டிக் கொடுத்தால், தேதி உள்ள துண்டு பல நேரம் கடையிலேயே நின்றுவிடும். அதைக் கேட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்கிறார். ரசீதும் வாங்குகிறார்.

நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்: சிட்டாகிளிப்டின் 50. ஊருக்குப் போனாலும் அந்த நோட்டும் மருத்துவர் சீட்டும் கூடவே போகும்.

ஒரு முறை மக்கள் மருந்தகத்தில் இருப்பு இல்லை. மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். இப்போதெல்லாம் அட்டையில் ஐந்து மாத்திரை இருக்கும்போதே அம்மா கடைக்குப் போய்விடுகிறார்.