இரண்டு அளவில் எது மெய்?

கேள்வி: எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளும் டி.டி.டி. (DTT) என்ற ஒடுக்கியும் கலந்த பஃபரில் உயிரணுக்களை உடைத்துச் சாறு எடுக்கிறேன். அதிலுள்ள புரதத்தைப் பிராட்ஃபோர்டு முறையில் அளந்தால் ஓர் அளவும், பி.சி.ஏ. முறையில் அளந்தால் அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறோர் அளவும் வருகின்றன. எதை நம்பி ஜெல்லில் ஏற்றுவது?
— ஆராய்ச்சி மாணவி ஒருவர்

பதில்: இரண்டையுமே நம்ப வேண்டாம். புரதத்தை நேராக எண்ணிச் சொல்லும் முறை எதுவும் இந்த இரண்டில் இல்லை. புரதத்துக்குரிய ஏதோ ஒரு குணத்தை அளந்து, அதைக் கொண்டு புரதத்தை அநுமானிக்கிறோம், அவ்வளவுதான். அந்தக் குணம் வேறொரு பொருளுக்கும் இருந்துவிட்டால் கருவி அதையும் புரதமென்றே கணக்கில் சேர்த்துவிடும். 2008இல் சீனாவில் பால் மாவில் மெலமைனைக் கலந்தவர்கள், நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணிக்கும் சோதனையின் இந்தப் பலவீனத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள்.

பிராட்ஃபோர்டு 1976இல் வெளியிட்ட முறையில், அமிலத்தில் செம்பழுப்பாக இருக்கும் கூமாசி சாயம், புரதத்திலுள்ள ஆர்ஜினைன் முதலியவற்றோடு பிணைந்து நீலமாகிறது. அந்த நீலத்தை 595 நானோமீட்டரில் அளக்கிறோம். ஆனால் எஸ்.டி.எஸ். போன்ற சோப்புப் பொருள்களும் அச்சாயத்தோடு உறவு கொண்டாடுகின்றன. புரதம் துளிகூட இல்லாத தங்களுடைய வெறும் பஃபரைச் சாயத்தில் விட்டு, தண்ணீர் விட்ட குழாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் அப்போதே தீரும். 1985இல் வந்த பி.சி.ஏ. முறையோ எஸ்.டி.எஸ்.ஸை ஐந்து சதவிகிதம் வரை சகித்துக்கொள்ளும். ஆனால் அது, செம்பு அயனியைப் புரதம் ஒடுக்கும்போது எழும் ஊதா நிறத்தை நம்பியிருப்பதால், புரதத்தின் உதவியின்றித் தானே செம்பை ஒடுக்கிவிடும் டி.டி.டி.யின் முன் செயலற்றுப் போகிறது. விஞ்ஞான உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை 1951இல் வெளிவந்த லௌரியினுடையதுதான் என்றாலும், அவருடைய முறையும் டி.டி.டி.யால் கெடுமாதலால், அந்தக் கீர்த்தியைக் கண்டு அதன் பக்கம் போகவேண்டாம். 280 நானோமீட்டரில் அளப்பது சுத்தமான ஒற்றைப் புரதத்துக்கு உகந்தது; நியூக்ளிக் அமிலங்கள் நிறைந்த உயிரணுச் சாற்றுக்கு ஆகாது.

என் அபிப்பிராயம் இதுதான்: எஸ்.டி.எஸ். மட்டும் உள்ள பஃபரில் உயிரணுக்களை உடைத்து, பி.சி.ஏ. முறையில் அளந்து முடித்த பிறகே டி.டி.டி.யைச் சேருங்கள். ஒப்பிடுவதற்கான ஆல்புமின் கரைசல்களைத் தண்ணீரில் அல்லாமல் அதே பஃபரில் தயாரிப்பது மிக முக்கியம். தங்கள் சாறு காட்டும் அளவு அந்தக் கரைசல்களின் அளவுகளைக் கொண்டு வரைந்த கோட்டின் எல்லைக்கு வெளியே விழுந்தால், கோட்டை நீட்டிக் கணக்குப் போடாமல், சாற்றை அதே பஃபரால் நீர்க்கச் செய்து மறுபடி அளந்து பாருங்கள். ஆல்புமினும் தங்கள் புரதமும் ஒரே அளவில் நிறம் தரும் என்பது நிச்சயமில்லை. ஆகையால் கிடைப்பது ஒப்புநோக்கு அளவே. சாறுகளைச் சமமாக ஏற்றுவதற்கு அது தாராளமாகப் போதும்.

டி.டி.டி. கலந்து முன்பே எடுத்துவைத்த சாறுகளைக் கொட்டிவிட வேண்டியதில்லை. ஒரு பங்குச் சாற்றுக்கு நான்கு பங்கு குளிர்ந்த அசிட்டோன் விட்டு, மைனஸ் 20 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு மையவிலக்கியில் சுழற்றி, அடியில் தங்கும் வெண்படிவை டி.டி.டி. இல்லாத பஃபரில் கரைத்து அளக்கலாம். படிவு முற்றிலும் உலர்ந்துவிட்டால் பிறகு கரைய மறுக்கும். படிய வைப்பதில் கொஞ்சம் நஷ்டமும் உண்டாதலால், அளந்த அந்தக் கரைசலையே ஜெல்லுக்கும் உபயோகியுங்கள்.