அரசியல் படிக்கும் பினாங்கு பிள்ளைகளுக்கு: பயிற்சி இடம் தேடும்போது

கெலுகோரில் 1969 முதல் இயங்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறீர்களா? தொழிற்பயிற்சிக்குக் கோலாலம்பூர்தான் போக வேண்டும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அனைத்துலக உறவில் ஆர்வமென்றால் முதலில் பார்க்க வேண்டியது ஜார்ஜ்டவுனில் தலைமையகம் கொண்ட 'தேர்ட் வேர்ல்ட் நெட்வொர்க்'. உலக வர்த்தக நிறுவனப் பேச்சுவார்த்தை, பருவநிலை மாநாடு ஆகியவற்றை வளரும் நாடுகளின் பக்கம் நின்று கவனிக்கும் அமைப்பு இது. நம் ஊரிலேயே இருக்கிறது என்பது பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. மாநிலக் கொள்கையை ஆராய விரும்பினால் பினாங்கு இன்ஸ்டிடியூட். மக்களின் புகார்களை நேரடியாகக் கேட்டுப் பழக பினாங்கு பயனீட்டாளர் சங்கம். அங்கே தமிழ் பெரிய பலம். இங்குள்ள தாய்லாந்து, இந்தோனேசியத் துணைத் தூதரகங்களிலும் கேட்டுப் பார்க்கலாம்.

விண்ணப்பத்தில் 'எந்த வேலையும் செய்வேன்' என்று எழுதாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் அமைப்பின் அறிக்கை ஒன்றைப் படித்து, அதில் எந்தப் பகுதியைத் தொடர்ந்து ஆராய விருப்பம் என்று இரண்டு வரி எழுதுங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் தலா ஒரு பக்கக் கடிதம் தயாராக இருக்கட்டும். அலவன்ஸ் உண்டா என்பதை முன்கூட்டியே கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

பயிற்சிக்கு முன்பே லைட் ஸ்திரீட்டில் உள்ள 40 உறுப்பினர் மாநிலச் சட்டமன்றத்தின் விவாதங்களைப் பின்தொடருங்கள். பயிற்சிக் குறிப்பேட்டை அன்றன்றே எழுதி, வாரந்தோறும் மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.